அது ரெஃபரன்ஸா, வெறும் சாயலா? (டிவி காமெடி, காமிக்ஸ் இழை)

நொய்யல்கரை (திருப்பூர்):

எல்லாருக்கும் வணக்கமுங்க. நம்ம குழுவுல ஸ்கிரீன்ஷாட் போட்டு "இது அந்தப் படத்துல வர்றதுதானே?"ன்னு கேக்கறது எச்சாயிருச்சு. பாதி நெசமாவே ரெஃபரன்ஸ், அதாவது எடுத்தவங்க வேணும்னே வேற ஒரு படைப்பைக் கை காட்டறது. மீதி வெறும் சாயல். ரெண்டையும் பிரிச்சுப் பாக்கற முறையை ஒரே இழையில எழுதி வெச்சுட்டா புதுசா வர்றவங்களுக்கும் ஆகும்.

முதல்ல கண்ணுல படவேண்டியது காட்சிக்கு வேண்டாத பொருள். இருபத்திரண்டு நிமிஷக் காமெடியில எதையும் வீணா வெக்க மாட்டாங்க. ஒரு போர்டோ, ஒரு நம்பரோ, ஒரு வசனமோ கதையையும் நகர்த்தல, தானா சிரிப்பும் காட்டல, ஆனாலும் அங்க நிக்குதுன்னா அது வேற வீட்டுல இருந்து வந்த ஒறம்பரை. எந்த வீடுன்னு தேடணும். தி சிம்ப்ஸன்ஸ்ங்கற அமெரிக்கக் கார்ட்டூன் காமெடியில 1990ல வந்த எபிசோடு ஒண்ணுல க்ரஸ்டி கோமாளியைப் போலீஸ் புடிச்சுப் படம் எடுப்பாங்க. கைதி நம்பர் ஏ113. கதைக்கு அந்த நம்பர் எதுவா இருந்தாலும் ஒண்ணுதான். ஆனா எபிசோடை இயக்கின பிராட் பேர்ட், கால்ஆர்ட்ஸ் கல்லூரியில அனிமேஷன் படிச்ச வகுப்பறையோட நம்பர் அது. அங்கயே படிச்ச ஜான் லாசெட்டர் 1995ல டாய் ஸ்டோரி எடுத்தப்ப, ஆண்டியோட அம்மா கார் நம்பர் பிளேட்டுல அதையே போட்டார்.

ரெண்டாவது, ஒரு பொருத்தம் போதாது. ஒண்ணோட ஒண்ணு சம்பந்தப்படாத ரெண்டு பொருத்தமாவது வேணும். சிவப்புச் சட்டை ஒண்ணு மட்டும்னா தற்செயல். சிவப்புச் சட்டையும், தோள்ல துண்டு போட்ட விதமும், பின்னால ஓடற இசையும் சேர்ந்து வந்தா யாரோ யோசிச்சு வெச்சது.

மூணாவது தேதி. எது முன்னாடி வந்துச்சுன்னு பாக்காம யாரும் போஸ்ட் போட வேண்டாமுங்க.

கொடிவேரி (கோபி):

நல்ல தொடக்கமுங்ணா. ரெண்டாவது விதியில ஒரு ஓட்டை இருக்குது, நம்மூர்க்காரங்க அதுலதான் நொம்ப விழறாங்க. இடம். கோபி, பொள்ளாச்சி சுத்துவட்டாரத்துல எடுத்த படம் கணக்கில்லாம இருக்குது. ஒரே வாய்க்கால் கரை, ஒரே தென்னந்தோப்பு, ஒரே திண்ணை வீடு பத்துப் படத்துல வரும். தேவர் மகன் 1992ல சிங்காநல்லூர் அரண்மனையில எடுத்தாங்க. அதுக்கப்புறம் அந்த வாசல் எதுல வந்தாலும் "தேவர் மகன் ரெஃபரன்ஸ்"னு எழுதறாங்க. வாடகைக்குக் கெடைச்ச வீடுங்க அது. கேமரா அதே கோணத்துல நிக்கணும், இல்ல உள்ளேயிருந்து வர்றவர் அதே மாதிரி வரணும். அப்பத்தான் இடத்தை ஒரு பொருத்தமா எண்ணலாம். கொடிவேரி அணை பின்னால தெரியறதை எண்ணவே கூடாது.

சாட்சியை விதைக்கற நெல்லு மாதிரி சலிச்சு எடுக்கணும். எல்லாருக்கும் பொதுவான அம்சம் பதரு. ஒருத்தருக்கே உரிய அம்சந்தான் மணி. பூட்டின கதவு முன்னால நின்னு "திறந்திடு"ன்னு ஒருத்தர் கத்தினா அது அலிபாபா கதைன்னு மட்டுந்தான் சொல்ல முடியும், அந்தக் கதை ஒலகத்துக்கே பொது. "அண்டா காகசம்"னு சேர்த்துச் சொன்னாத்தான் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956ல எடுத்த படத்துக்குப் போய்ச் சேரும்.

சென்னிமலைத்தறி:

காமிக்ஸ் பக்கத்தை நான் எழுதுகிறேன். காமிக்ஸில் படம் நகராது, வாசகர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதனால் ஓவியர் துணிந்து ஒளித்து வைப்பார். நான்கு இடங்களில் தேடுங்கள்: கூட்டத்தில் நிற்கும் முகங்கள், கடைப் பலகை எழுத்து, பாத்திரங்களின் பெயர், கட்டத்தின் அமைப்பு. முதல் மூன்றையும் எல்லோரும் பார்க்கிறார்கள். நான்காவதைத்தான் தவறவிடுகிறார்கள்.

அமைப்பு என்றால், ஆட்கள் நிற்கும் விதம் ஒரு பழைய ஓவியத்தையோ போஸ்டரையோ அப்படியே பின்பற்றுவது. ஆஸ்டெரிக்ஸ் என்ற பிரெஞ்சு காமிக்ஸ் தொடரில் கடற்கொள்ளையர்களின் கப்பல் ஒவ்வொரு முறையும் மூழ்கும். ஆஸ்டெரிக்ஸ் படையில் சேரும் 1967 கதையில் மூழ்கியபின் அவர்கள் கட்டையில் மிதக்கும் கட்டம், பிரெஞ்சு ஓவியர் ஜெரிகோ 1819இல் காட்சிக்கு வைத்த மெடூசாவின் தெப்பம். உடல்கள் கூம்பாகக் குவிந்திருப்பது, உச்சியில் ஒருவர் துணி வீசுவது, ஓரத்தில் சாய்ந்து கிடப்பவர் என்று மூன்று பொருத்தங்கள் உள்ளன. போதாததற்குத் தலைவர் பிரெஞ்சில் "மெடூசே" என்ற சொல்லைச் சொல்கிறார். திகைத்துப் போனேன் என்று பொருள், மெடூசாவின் பெயரும் அதற்குள் இருக்கிறது. இதற்கு மேல் சாட்சி வேண்டாம். அந்தக் கொள்ளையர் கூட்டமே பிலோட் என்ற பிரெஞ்சு இதழில் கூடவே வெளிவந்த செந்தாடி என்ற வேறொரு கடற்கொள்ளையர் தொடரின் கேலிதான்.

அமைப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பக்கத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். முகமும் எழுத்தும் கவனத்தை இழுக்காது, கறுப்பு வெளுப்புத் திட்டுகள் மட்டும் தெரியும். பிறகு டிரேசிங் தாளில் ஐந்தாறு கோடுகள் மட்டும் இழுங்கள்: தலைகள் போகும் கோடு, கைகள் நீளும் கோடு, மேசை விளிம்பு. சந்தேகப்படும் ஓவியத்தையும் அதே அளவுக்குச் சுருக்கி, அதே கோடுகளை இழுத்து, இரண்டையும் வெளிச்சத்தில் ஒட்டிப் பாருங்கள். கோடுகள் ஒன்றாகப் போனால் நகல்தான். ஆஸ்டெரிக்ஸ் பெல்ஜியம் போகும் 1979 கதையின் கடைசி விருந்தை, ப்ரூகல் வரைந்த 16ஆம் நூற்றாண்டுக் குடியானவர் கல்யாண விருந்தோடு வைத்து இதைச் செய்து பழகலாம். அதே புத்தகத்தில் டின்டின் கதையின் இரட்டைத் துப்பறிவாளர்களும், சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் செய்தி கொண்டு ஓடுபவராகவும் வருகிறார்கள். ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஒரு புத்தகத்தில் ஒன்று இருந்தால் பக்கத்துக் கட்டத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆழியாறு:

அக்கா, நம்ம சிவகாசித் தமிழ்ப் பதிப்புல படிக்கறவங்களுக்கு இது எவ்வளவு மிஞ்சும்? லக்கி லூக் தமிழ்லதான் நான் படிக்கறேன்.

சென்னிமலைத்தறி:

நல்ல கேள்வி தம்பி. முகம் மிஞ்சும், பெயர் போய்விடும், பலகை எழுத்து அச்சைப் பொறுத்தது.

லக்கி லூக்கில் பரிசுப் பணத்துக்காக ஆள் பிடிப்பவன் ஒருவன் வருவான், 1972 கதை. ஒட்டிய கன்னம், இடுங்கிய கண், கழுகு மூக்கு. அச்சு அசலாக நடிகர் லீ வான் கிளீஃப். தமிழில் படித்தாலும் இது கைக்குக் கிடைக்கும், ஏனென்றால் படத்தை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. ஆனால் சிறைச்சாலை முட்டாள் நாயை எடுத்துக்கொள். பிரெஞ்சில் ரன்டன்ப்ளான். ஹாலிவுட்டில் புகழ்பெற்ற புத்திசாலி நாய் ரின் டின் டின்னைத் திருப்பிப்போட்ட கேலி அது. ஆங்கிலத்தில் ரின் டின் கேன் என்று வைத்ததால் கேலி பிழைத்தது. தமிழில் அந்தப் பெயர் வந்தாலும், மூல நாயைத் தெரியாதவருக்கு அது வெறும் ஓசை. ஆகவே பெயர் விநோதமாக இருந்தால் பிரெஞ்சுப் பெயர், ஆங்கிலப் பெயர் இரண்டையும் உரக்கச் சொல்லிப் பார். பெயர் ரெஃபரன்ஸ் முக்கால்வாசியும் காதுக்குத்தான் பிடிபடும்.

அளவு மாற்றி அச்சிட்ட பழைய இதழ்களில் கட்டத்தின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். கூட்டத்து முகங்கள் ஓரத்தில்தான் இருக்கும் என்பதால் நஷ்டம் முதலில் அங்கே. கறுப்பு வெள்ளையாக மாற்றியதில் உடை நிறமும் போய்விடும். சந்தேகம் வந்தால் பெரிய அளவு வண்ணப் பதிப்போடு ஒப்பிட்ட பிறகே "இல்லை" என்று சொல்லலாம். ஈரோடு புத்தகத் திருவிழாவில் பழைய இதழ் வாங்குகிறவர்கள் பின்னட்டையையும் உள்ளட்டையையும் கிழியாமல் பார்த்து வாங்குங்கள். மாதமும் வருடமும் அங்கே இருந்தால்தான் தேதி விதியைச் சோதிக்க முடியும்.

காங்கயம்காளை:

டப்பிங் விஷயத்தை யாரும் தொடலையேங்க. சுட்டி டிவி 2007ல வந்ததுக்கப்புறம் வெளிநாட்டுக் கார்ட்டூன் தமிழ்ல கொட்ட ஆரம்பிச்சுது. டோராவோட குரங்குக்கு மூலத்துல பூட்ஸ்னு பேரு, தமிழ்ல புஜ்ஜி. இந்த மாதிரி தமிழ்ல எழுதறவங்க தாங்களா சேர்க்கறது நெறைய. ஒரு கார்ட்டூன் வில்லன் நம்ம சினிமா வசனம் பேசினா அது மூலத்தோட ரெஃபரன்ஸ் இல்ல, டப்பிங் எழுதினவரோட ரெஃபரன்ஸ். ரெண்டுமே ரெஃபரன்ஸ்தான், ஆனா கணக்குல வேற வேற கட்டத்துல எழுதணும். ஆடியோவை ஆங்கிலத்துக்கு மாத்தி அதே நொடியைக் கேளுங்க. அங்கயும் ஏதாச்சும் கேலி இருந்தா, தமிழ்க்காரர் ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணை வெச்சிருக்கார். அங்க சாதா வசனமா இருந்தா இவரே விதைச்சது. வாய் அசையாத நேரத்துல, பாத்திரம் திரும்பி நிக்கறப்ப வர்ற வசனம் பெரும்பாலும் ரெண்டாவது வகை. உதடு தெரியாததால அங்கதான் அவங்களுக்கு இடம் கெடைக்கும்.

அமராவதி (தாராபுரம்):

படத்தை நிறுத்திப் பாக்கறதைப் பத்தி எழுதறேன், இதுல தப்பு நடக்கறது சாஸ்தி.

நம்ம பழைய டிவி ஒளிபரப்பு நொடிக்கு 25 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு 40 மில்லிசெகண்ட். ஒளிச்சு வெக்கற போர்டு சில சமயம் அஞ்சாறு ஃபிரேம்தான் நிக்கும். விஎல்சியில நிறுத்திட்டு ஈ விசையை அழுத்தினா ஒவ்வொரு ஃபிரேமா முன்னால போகும். யூடியூப்ல நிறுத்திட்டுப் புள்ளி விசை முன்னால, காற்புள்ளி விசை பின்னால. பழைய பதிவுல விளிம்பெல்லாம் சீப்புப் பல்லாட்டத் தெரிஞ்சா இன்டர்லேஸ் பிரச்சினை, அதாவது ஒரு ஃபிரேமை ஒரு வரி விட்டு ஒரு வரியா ரெண்டு பாதியாப் பிரிச்சு அனுப்பினது. ரெண்டு பாதியையும் சரி பண்ணற டீஇன்டர்லேஸ் போடாம எழுத்தைப் படிக்கப் போனா தப்பாத்தான் படிப்பீங்க.

அடுத்தது ஓரம். பழைய நிகழ்ச்சி எல்லாம் அகலத்துக்கு உயரம் 4:3. இப்ப அகலத் திரைக்காக மேலயும் கீழயும் வெட்டிடறாங்க. டிஸ்னி பிளஸ் 2019 நவம்பர்ல வந்தப்ப சிம்ப்ஸன்ஸை அப்படித்தான் 16:9க்கு வெட்டிப் போட்டாங்க. டஃப் பீர் ஆலையில டஃப், டஃப் லைட், டஃப் டிரைன்னு மூணு தொட்டி வரிசையா இருக்கும், மூணுக்கும் மேல ஒரே குழாய்ல இருந்து ஊத்தும். வெட்டினதுல மேல இருக்கற குழாயே காணாமப் போச்சு, சிரிப்பும் போச்சு. ரசிகருங்க கேட்டு, 2020 மே மாசம் 4:3 பதிப்பும் கெடைச்சுது. ஆனதால மூல அளவுல பாக்காம எதையும் "இல்லை"ன்னு முடிவு கட்டாதீங்க. சிம்ப்ஸன்ஸ் அகலத் திரைக்கு மாறினது 2009 பிப்ரவரியில. அதுக்கு முந்தினதெல்லாம் 4:3 தான்.

மூணாவது, யூடியூப்ல காப்புரிமைக்குப் பயந்து படத்தை இடவலம் திருப்பிப் போட்டிருப்பாங்க. எழுத்து இருந்தா உடனே தெரிஞ்சுரும். எழுத்து இல்லாத காட்சியில தலைவகிடு, சட்டைப் பொத்தான், கைக்கடிகாரம் எந்தப் பக்கம்னு பாருங்க. "இடது கையால சல்யூட் வெச்சார், அதனால இது இன்ன படத்தோட கேலி"ன்னு சொல்றதுக்கு முன்னால அது நெசமா இடது கைதானான்னு உறுதி பண்ணுங்க.

கொடிவேரி:

இசையையும் சேர்த்துருங்க அண்ணா. காமெடியில படத்தை மாத்துனாலும் இசையை மாத்த மாட்டாங்க, அதுதான் முதல் சைகை.

அமராவதி:

சேர்த்துட்டாப் போச்சு. ஷாஸம் மாதிரி செயலி அந்த ஒரு குறிப்பிட்ட பதிவைத்தான் அடையாளம் காணும். காமெடிக்காரங்க அதே மெட்டைக் கீபோர்டுல புதுசா வாசிச்சிருந்தா அதால புடிக்க முடியாது. அப்ப கூகுள்ல மெட்டை முணுமுணுத்துத் தேடற வசதியைப் பயன்படுத்துங்க, அது மெட்டைப் பாக்குது, பதிவைப் பாக்கறதில்ல. சுருதி மாறியிருந்தாலும் பயப்பட வேண்டாம். நொடிக்கு 24 ஃபிரேம்ல எடுத்த சினிமாவை 25ல ஓட்டறப்ப வேகம் 4 சதவீதம் ஏறும், சுருதியும் அரை ஸ்வரத்தை விடக் கொஞ்சம் கம்மியா ஏறும். நூறு நிமிஷப் படம் 96 நிமிஷத்துல முடிஞ்சுரும்.

வார்னர் கார்ட்டூன்ல எந்திரம் ஓடறப்ப, கன்வேயர் பெல்ட் ஓடறப்ப ஒரு துடிப்பான மெட்டு வரும். அது ரேமண்ட் ஸ்காட் 1937ல எழுதின பவர்ஹவுஸ். கார்ட்டூனுக்காகவே எழுதுனது இல்ல, வார்னர் உரிமை வாங்கினதுக்கப்புறம் அவங்க இசையமைப்பாளர் கார்ல் ஸ்டாலிங் அதை அடிக்கடி எடுத்தாண்டார். பின்னால வந்த காமெடிகள் மில்லு, ஃபேக்டரி காட்சிக்கு அந்த மெட்டைப் போட்டா அது ஸ்காட்டுக்கு வெக்கற வணக்கம் இல்ல, பழைய கார்ட்டூனுக்கு வெக்கற வணக்கம். மூலம் ஒண்ணு, கை காட்டறது இன்னொண்ணு.

நொய்யல்கரை:

கை காட்டறது எதைன்னு கேக்கறது நம்ம தமிழ்க் காமெடிக்கு இன்னும் அவசியமுங்க. ஃப்ரெண்ட்ஸ் 2001ல வந்துச்சு. நேசமணி தலையில சுத்தியல் விழும். 2019 மே மாசம் "நேசமணிக்காகப் பிரார்த்திப்போம்"னு ஒலகம் பூரா டிரெண்ட் ஆச்சு. அதுக்கப்புறம் வந்த காமெடியில நேசமணி பேர் வந்தா எதைச் சொல்றாங்க? சுத்தியல், ஏணி, பெயின்ட் இருந்தா படம். ஆஸ்பத்திரி, பிரார்த்தனை, நலம் விசாரிப்பு இருந்தா 2019 டிரெண்ட். தேதியும் பொருளும் ரெண்டும் சேர்ந்துதான் பதில் சொல்லும்.

விஜய் டிவி லொள்ளு சபாவுல இது எளிது, முழுப் படத்தையே எடுத்துக் கேலி பண்ணுனாங்க, தலைப்புல ஒண்ணு ரெண்டு எழுத்தை மாத்தினா மூலப் படம் தெரிஞ்சுரும். போக்கிரி அங்க பேக்கரி ஆச்சு. ஆனா அந்த மூலப் படத்துக்கு நடுவுல சம்பந்தமில்லாத இன்னொரு படத்தோட ஒரு வரியைச் சொருகறாங்க பாருங்க, அதைத்தான் தேடணும். முழுப் படக் கேலியில காட்சி வரிசை மூலத்துல இருக்கற மாதிரியே போகும். வரிசை எங்க தடம் மாறுதோ அங்க நிறுத்திப் பாருங்க.

காங்கயம்காளை:

ஒரு விவாதம் கேக்கறேனுங்க. "அரசியல்ல இதெல்லாம் சாதாரணமப்பா" சூரியன் படத்து வசனம், 1992. இன்னைக்கு டீக்கடையில படம் பாக்காதவங்களும் சொல்றாங்க. ஒரு சீரியல்ல அந்த வரி வந்தா அதை ரெஃபரன்ஸ்னு எழுதலாமா? எழுதக்கூடாதுங்கறேன். அது பழமொழி ஆயிருச்சு.

சென்னிமலைத்தறி:

பாதி ஒத்துக்கொள்கிறேன். சொல் மட்டும் வந்தால் பழமொழிதான். ஆனால் கவுண்டமணியின் இழுப்பு, ஓட்டம், கடைசிச் சொல்லுக்கு முன்னால் அவர் விடும் இடைவெளி ஆகியவை வந்தால் அது ரெஃபரன்ஸ். உடுமலைப் பக்கத்து வல்லகுண்டாபுரத்தில் பிறந்தவர் அவர், அந்த ராகத்துக்கு மண் உண்டு. சென்னைத் தமிழ் பேசும் பாத்திரம் அந்த ஒரு வரிக்கு மட்டும் கொங்கு இழுப்புக்கு மாறினால் அதைவிடச் சாட்சி வேண்டுமா? பெட்ரோமாக்ஸ் வரியும் இப்படித்தான். "லைட்டேதான் வேணுமா" என்பதில் அந்த ஏகாரத்தை அழுத்தினால் 1984 படம், அழுத்தாவிட்டால் வழக்குமொழி.

இன்னொரு வகை வாக்கியத்தின் எலும்புக்கூடு. திருவிளையாடலில் தருமி கேள்வி கேட்கும் இடத்தில், "சேர்ந்தே இருப்பது?" என்று ஒரு கேள்வி, இரண்டு பெயர்ச்சொல்லும் இரண்டு "உம்"மும் கொண்ட ஒரு பதில், வேகம் ஏறிக்கொண்டே போகும். காமெடியில் எல்லாச் சொற்களையும் மாற்றிவிடுவார்கள். மின்வெட்டும் கொசுவும் என்று வரும். சொல்லைத் தேடினால் அகப்படாது. கேள்வி நீளம், "உம்" எண்ணிக்கை, வேகம் மூன்றையும் எண்ணினால் 1965க்குப் போய்ச் சேரலாம். இயக்கிய ஏ.பி. நாகராஜனும் சங்ககிரிப் பக்கத்துக்காரர்தான்.

காங்கயம்காளை:

சரிங்க அக்கா, ராகம் இருந்தா ரெஃபரன்ஸ்னு ஒத்துக்கறேன். பட்டியல்ல "சொல்", "ராகம்"னு ரெண்டு தனிக் கட்டம் போட்டுரலாம்.

நொய்யல்கரை:

போட்டாச்சு. இனிப் போஸ்ட் போடறவங்க இதையெல்லாம் எழுதுங்க: நிகழ்ச்சி பேரு, எபிசோடு தேதி, நிமிஷம் நொடி, எந்த மொழி ஆடியோ, படத்தோட அளவு 4:3ஆ 16:9ஆ, மூலம்னு நீங்க சொல்றது எது, அது வெளிவந்த வருஷம், எத்தனை பொருத்தம், ஒவ்வொண்ணும் பொதுவா தனியா. காமிக்ஸ்னா பக்க எண், கட்ட எண், பதிப்பு வருஷம். ஸ்கிரீன்ஷாட்டை வெட்டாம முழுசாப் போடுங்க. மூலத்தோட படத்தையும் பக்கத்துலயே வெய்யுங்க.

ஆழியாறு:

அண்ணா, அப்ப போன வாரம் குழுவுல போட்ட நாற்காலி காட்சி எந்தக் கட்டத்துல வரும்? ஒரு காமெடி ஷோவுல ஓட்டு எண்ணிக்கை செய்தி ஓடும், ஒருத்தர் நாற்காலி நுனியில உக்காந்திருப்பார், நம்பர் ஏற ஏறப் பின்னால சாய்ஞ்சுட்டே போவார். வசனமே கிடையாது.

கொடிவேரி:

அது அமைதிப்படை, 1994. ஓட்டு எண்ணிக்கை ஒரு பொருத்தம், நுனியில இருந்து பின்னால நகர்றது ரெண்டாவது. இதுல ரெண்டாவதுதான் மணி, ஏன்னா தேர்தல் காட்சி எதுலயும் வரும், முன்னிலை ஏற ஏற உக்கார்ற தோரணை மாறறது சத்யராஜோடது. பக்கத்துல இன்னொருத்தர் நின்னு அவரைப் பாக்கற பார்வை மாறுதான்னும் பாருங்க, மூலத்துல மணிவண்ணன் அதைப் பண்ணியிருப்பார். அதுவும் இருந்தா மூணு பொருத்தம் ஆச்சு. பாத்திரத்தோட பேர்ப் பலகையில எம்.ஏ., எம்.எல்.ஏ.ன்னு போட்டிருக்குதான்னு ஃபிரேமை நகர்த்திப் பாருங்க தம்பி, பலகை பெரும்பாலும் மேசையோட கீழ் ஓரத்துல இருக்கும், 16:9 பதிப்புல வெட்டுப்பட்டிருக்கலாம். "தோரணை" கட்டத்துல போடுங்க.